பிடிக்காதே, ஏந்து!

“ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டத் துப்பில்ல. கான்வென்ட்ல கன்னியாஸ்திரீங்க பன்னெண்டு வருஷம் என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களோ! தள்ளு அந்தப் பக்கம்!”

என் மாமியார் ரெஜினா கத்தினால் எங்கள் கொல்லத்துச் சந்து முழுக்கக் கேட்கும். இரண்டு மாதக் குழந்தை ஈவாவை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பாக்குமட்டையில் கிடத்தி எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார்.

மதிலுக்கு அப்பாலிருந்து லீலாமணி சேச்சி எட்டிப் பார்த்தாள். “என்ன ரெஜினா, மருமகளுக்குக் கை வளையலையா?”

“வளையும். சாப்பிடறப்ப நல்லாவே வளையும்.”

இருவரும் சிரித்தார்கள். நான் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரமாக வலது கட்டைவிரலின் அடியில் ஒரு வலி. பிள்ளையைத் தூக்கினால் மணிக்கட்டு வரை மின்னல் மாதிரி வெட்டும். போன வாரம் திங்கட்கிழமை, எண்ணெய் பூசிய உடம்போடு அவளைத் தூக்கும்போது வெட்டியது. விரல் தானாக விரிந்துவிட்டது. பிள்ளை வழுக்கி மட்டைக்குள் விழுந்தாள்.

ஒரு சாண் உயரம்தான். அழுதாள், அடங்கினாள், பால் குடித்தாள். ஆனாலும் அன்று முழுக்க அவள் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். மட்டைக்குப் பதில் கிணற்றுக்கல்லாக இருந்திருந்தால்?

நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்துதான் மாமியார் இப்படி ஆனார். முந்திரி ஆலைக்குப் போகும் முன் பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. நான் துணி பிழியப் போனால், “நீ பிழிஞ்சா பாதி அழுக்கு அதிலேயே இருக்கும். வை அங்க.” தேங்காய் துருவ உட்கார்ந்தால், “துருவலா அது? உளி வச்சுச் செதுக்கின மாதிரி இருக்கு. எழுந்திரு.”

பிள்ளையை வாங்கக் கை நீட்டினால் அதற்கும் ஒரு குத்தல். “பிடிக்காதே, ஏந்து! கையைத் தட்டு மாதிரி நீட்டு. பிள்ளை என்ன முந்திரிக்கொட்டையா, ரெண்டு விரலால கவ்வ?”

இத்தனைக்கும் குளிப்பாட்டி முடித்தால் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். மகாராணி மாதிரி கிணற்றடியிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொஞ்சம் கொஞ்சமாக என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான், திரும்புவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் அங்கே போனாலும் தூக்கப் போவது இதே கைதானே?

செவ்வாய்க்கிழமை ஆலைக்குக் கொட்டை வரவில்லை, மாமியார் வீட்டில் இருந்தார். பிள்ளையை அவரிடம் விட்டு, அந்தோணியார் கோயில் நொவேனா ஜெபத்துக்குப் போவதாகப் பொய் சொன்னேன்.

“போ, போ. அந்தோணியார் காணாமப் போனதைத் தேடிக் குடுக்கிறவர். உன் சுறுசுறுப்பையும் தேடிக் குடுக்கச் சொல்லு.”

போனது சுகாதார நிலையத்துக்கு. செவ்வாய்தோறும் அங்கே பிசியோதெரபி கொடுக்க வரும் ஃபசீலா மேடம், கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொன்னார். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் லேசாகச் சாய்த்தார். அலறிவிட்டேன்.

“பயப்படாதே மோளே, எலும்பு இல்ல. தசைநார் வீங்கியிருக்கு. பிள்ளை பெத்தவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான், குணமாயிடும். துணி பிழியாதே, தேங்காய் துருவாதே. பிள்ளையைக் கட்டைவிரலால பிடிக்காதே, ஏந்து. கையைத் தட்டு மாதிரி...”

“மேடம், இதெல்லாம் எங்க மாமியார் திட்டற திட்டு!”

அவர் சீட்டில் எழுதியிருந்த வீட்டுப் பெயரைப் பார்த்தார்.

“கடவில் வீடா? ரெஜினா சேச்சி மருமகளா நீ? போன செவ்வாய் ஆலைக்கு லீவு போட்டுட்டு வந்தாங்க. கட்டைவிரல் வலின்னாங்க. அமுக்கினேன், முறுக்கினேன், முகமே சுளிக்கல. ‘யாரோட வலி சேச்சி இது?’ன்னு கேட்டப்புறம்தான் சொன்னாங்க. அவங்களுக்கு வலி முட்டியில. முப்பது வருஷம் குந்தி உட்கார்ந்து கொட்டை உடைச்ச முட்டி, ரெண்டும் தேஞ்சு போச்சு. தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. உட்காராதீங்கன்னேன். ‘பிள்ளைக்குக் கழுத்து நிக்கட்டும், பார்க்கலாம்’னுட்டுப் போயிட்டாங்க.”



“என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே மேடம். ஏன் ஊர் கேட்கத் திட்டணும்?”

என் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘என்னை ஏசினா ஏசட்டும். பிள்ளை வழுக்கினதை நான் பார்த்தேன்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு அப்புறம் பிள்ளையைத் தொடவே பயப்படும்’னாங்க.”