கேட்டுக்குத் தெரிந்த துரு

குறட்டை பாதியில் நின்றுவிட்டது. சப்பை மூக்கு நாய் டப்புவின் வயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த இரும்பு கேட் பயந்துபோய்க் கிறீச்சிட்டது.

"டேய் டப்பு! மூச்சு விடுடா!"

டப்பு திணறிக்கொண்டு எழுந்தான். கோபம் வேறு. "நிம்மதியாத் தூங்க விடமாட்டியாண்ணே?"

"இதுவா நிம்மதி? இன்னிக்குத் தூக்கத்துல மட்டும் இதோட இருபது தடவை உனக்கு மூச்சு நின்னுருக்கு. நிக்குது, அப்புறம் குபீர்னு பாயுது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சுத்தான் எனக்குத் துருப்பிடிச்சுது. மூச்சு இப்படி நின்னு நின்னு பாயறதால உனக்கு உள்ளே பிடிக்குது, இதயத்துல."

"வெளியே பளபளன்னுதானே இருக்கேன்?"

"பெயின்ட் அடிச்சா நானும்தான் பளபளப்பேன். தீனியைக் குறை. ஒருக்களிச்சுப் படு, மூச்சு அடைக்காது."

"சரிண்ணே," என்றான் டப்பு. மிச்சமிருந்த பிஸ்கட்டையும் முழுங்கினான். ஒருக்களித்தா படுத்தான்? மல்லாந்தான்.