பதினேழு குறைகள்

போன வாரம் வகுப்பில் அவன் தன் ஆய்வைப் பற்றிப் பேசி முடித்ததும் முன் பெஞ்சுக் கண்ணாடிக்காரி எழுந்தாள். "பாத்து வாசிக்கிறதுக்கு நீ எதுக்கு? தாளைச் சுவத்துல ஒட்டிட்டு உக்காந்திருக்கலாமே."

வகுப்பே சிரித்தது. ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவள் முறை. ஒவ்வொரு பேச்சுக்கும் கேட்பவர்கள் விரும்பினால் சீட்டில் கருத்து எழுதித் தரலாம். அவன் கண்கொட்டாமல் கவனித்தான். வரைபடத்தில் தப்பு, கூட்டலில் தப்பு, முடிவுக்கு ஆதாரமே கிடையாது. கறுவிக்கொண்டே பதினேழு குறைகளை எழுதி, கீழே கொட்டை எழுத்தில் தன் பேரும் போட்டான். 'இனி இவ வாயே திறக்கக் கூடாது.'

சீட்டுகள் அவள் கைக்குப் போனதும் ஆசிரியை எழுந்தார்.

"முதல் நாளே சொன்னேன், ஞாபகமிருக்கில்ல? இதெல்லாம் ஒத்திகை. குறைகளைத் திருத்திட்டு வாங்க. நாளைக்கு எல்லாரும் மறுபடி பேசணும், அதுக்குத்தான் மார்க்."

கோபத்தில் அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

கண்ணாடிக்காரி அவன் பெஞ்சுக்கு வந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ். என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இப்படித் தேடித் தேடி எழுத மாட்டாங்க. என்மேல கடுப்புல இருக்குற ஒருத்தன் வேணும்னுதான் போன வாரம் உன்னைச் சீண்டினேன்."

அவன் அவசரமாகப் பையைத் துழாவி, போன வாரம் தனக்கு வந்து பிரிக்காமலே கிடந்த சீட்டுகளை எடுத்துப் பிரித்தான். எல்லாம் நண்பர்கள் எழுதியவை. இருபதிலும் ஒரே வார்த்தைதான் இருந்தது.

'சூப்பர்டா.'