மச்சம் எந்தப் பக்கம்?

ஆம்பூர் பூட்ஸ் கடைக்காரர் ஞானப்பிரகாசம், பூட்ஸ் பெட்டிகளில் ஒட்டுவதற்காகத் தன் முகத்தையே இரண்டு விதமாக அச்சடித்து வாங்கியிருந்தார். ஒன்று கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சு, மற்றது மரக்கட்டை அச்சு.

“கல்லச்சுல மீசையை ஒவ்வொண்ணா எண்ணலாம். அதையே எடுங்க,” என்றாள் மனைவி மரியம்மாள்.

“மீசை கெடக்கட்டும், கன்னத்து மச்சம் பக்கம் மாறியிருக்குதே! மரக்கட்டைக்காரன் கோடு கோடா கீறியிருந்தாலும் மச்சத்தைச் சரியா வச்சிருக்கான். தினம் சவரம் பண்றேன், என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

அந்த நேரம் கட்டை செதுக்கிய வேலாயுதம் ஓடிவந்தான். “மன்னிச்சுக்குங்க! கட்டையில நேரா செதுக்கிட்டேன். அச்சுல எல்லாமே பக்கம் மாறி விழுந்துடுச்சு.”

ஞானப்பிரகாசம் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார்.

மரியம்மாள் சிரித்தாள். “முப்பது வருஷமா உங்க மூஞ்சியைப் பாக்கறவ நான். நீங்க பாத்தது கண்ணாடியை.”