மூக்கறுந்த கத்தி

சாணைக்கல் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் லியாகத் அலி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இதோட மூக்க யாரு நைனா தேச்சது?”

ஜெரி வலையிலிருந்து தலையைத் தூக்கினான். காசிமேட்டில் காலை ஏலம் முடிந்து, ஐஸ் தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. மொபெட்டின் பின்சீட்டில் சாணைக்கல்லைப் பூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை வருவார் லியாகத் அலி. வலை பின்னுகிறவர்களின் கத்திகளைத் தீட்டித் தந்துவிட்டுப் போவார்.

“யாரும் தேய்க்கல பாய். வாங்கும்போதே அப்டித்தான்.”

“யாருகிட்ட கதை வுடுற?” லியாகத் அலி கத்தியை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். “இது ஊசி மூக்கோட பொறந்த கத்தி. யாரோ சிமெண்ட்டுத் தரைல கையால தேச்சு மழுக்கிக்கீறாங்க. கோடு பாரு, கோணல்மாணலா. ஒரு நாள் வேலை இல்ல நைனா இது.”

ஜெரி எழுந்து வந்தான்.

எட்டு மாதத்துக்கு முன் அவன் பிறந்தநாளுக்கு மனைவி ரெஜினா வாங்கித் தந்த மடக்குக் கத்தி அது.

பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. பாசிப் பச்சையில் பிளாஸ்டிக் பிடி. திறக்க நகத்தைப் பணயம் வைக்க வேண்டும். முனை இருக்க வேண்டிய இடத்தில் மொண்ணையாக ஒரு வளைவு. அவள் தலையில் யாரோ நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

கேட்கவில்லை. கல்யாணமான இரண்டு வருஷமாக அவளிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறான். அது தெரிந்தால் அவள் தாய்வீட்டுக்கே போய்விடுவாள் என்று பயம். அப்படிப்பட்டவன், கத்திக்கு மூக்கில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

முதல் வாரம், பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிற டென்னிஸ் ஓட்டித் தள்ளிவிட்டான். “மாமு, அது கத்தியா, குச்சி ஐஸ் குச்சியா?”

பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. டென்னிஸின் கூர்க்கத்தி அறுந்த கண்ணியோடு பக்கத்தில் நல்ல கண்ணியையும் சேர்த்துக் கிழிக்கும். இது நைலானுக்குள் வழுக்கிக்கொண்டு போய், அறுக்க வேண்டியதை மட்டும் அறுத்துவிட்டு வரும். ஸ்பிரிங் எத்தனை முரடோ அத்தனை நம்பிக்கை. ஒரு தடவைகூட விரலில் மடங்கியதில்லை.

மூன்றாம் மாதம் டென்னிஸே கடன் கேட்டான். ஜெரி தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அது பேண்ட் பையில் இருந்தது.

“ரெண்டே நிமிசம்” என்றார் லியாகத் அலி. “பழையபடி மூக்கு வெச்சுத் தரட்டா?”

“வெச்சுடு பாய்! பாக்க ஆம்பளக் கத்தி மாரி இருக்கட்டும்” என்றான் டென்னிஸ்.

கல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெரி அந்தக் கோணல் கோடுகளையே பார்த்தான். யார் தேய்த்தது? கடைக்காரனா? விற்கிற சரக்கை எந்தக் கடைக்காரன் நாள் கணக்கில் உட்கார்ந்து கெடுப்பான்?

கத்தியைத் தந்த வாரம் ரெஜினாவின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. இறால் உரிக்கிற ஷெட்டில் முள் குத்திவிட்டது என்றாள். பிரித்தபோது அவனும் பார்த்தான். குத்திய காயமில்லை. தேய்ந்து தோல் வழன்றிருந்தது.

அவளா? எதற்கு?

அவள் ஒரு தினுசுதான். பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருஷமாகிறது, மாற்ற விடமாட்டாள். கல்யாணத்துக்கு வந்த கட்டிலை விற்றுவிட்டாள். தரையில் படுத்தால்தான் தூக்கம் வருகிறதாம். வீட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், எல்லாம் எவர்சில்வர் ஆகிவிட்டன.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறான். சேர்த்துப் பார்த்தது இப்போதுதான்.

விழுந்தால் அடிபடாத வீடு. உள்ளே விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடிகிற கதவு. கையில் பிடித்தபடி விழுந்தால் குத்தாத கத்தி.

ஜெரி மெல்ல வலைக்குவியலின் மேல் உட்கார்ந்தான்.

பதினாலு வயசிலிருந்து அவனுக்கு வலிப்பு. தினமும் மாத்திரை, அவளுக்குத் தெரியாமல். கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று சொல்லித்தான் படகில் ஏறாமல் கரையிலேயே காலத்தை ஓட்டுகிறான். பெண் பார்க்கப் போனபோது அம்மா வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்தது மூன்றே முறை, மூன்றும் தூக்கத்தில். காலையில் நாக்கு கடிபட்டிருக்கும். பக்கத்தில் படுத்தவள் அசந்து தூங்கியிருப்பாள் என்று மூன்று முறையும் நம்பினான்.

“இன்னா நைனா, வெக்கட்டா, வாணாவா? கல்லு தேயுது.”

“வாணாம் பாய்” என்றான் ஜெரி. “அறுக்கிற பக்கம் மட்டும் தீட்டு. மூக்குல கை வெக்காத.”

டென்னிஸ் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஜெரி போனை எடுத்துக்கொண்டு ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப்பக்கம் போனான். ரெஜினாவைக் கூப்பிட்டான்.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் ஷெட்டில் தண்ணீர் அடிக்கிற சத்தம்.

இரண்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னான்.

“மாத்திரை தீரப்போவுது. வரும்போது வாங்கிக்கினு வரியா?”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. என்ன மாத்திரை, யாருக்கு, எப்போதிலிருந்து என்று கேட்பாள். கேட்கட்டும். ஜெரி கண்ணை மூடிக்கொண்டான்.

“காசிமேட்டுக் கடைல வாணாம், உங்க ஆளுங்க பாத்துடுவாங்க” என்றாள் ரெஜினா. “நான் தண்டையார்பேட்டைல வாங்கிக்கினு வரேன். இருநூறு எம்ஜி தானே?”