தலைவர் பிடுங்கிய வயர்

ஏரி டிவியை ஏரிக்காரர்களே நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு பிடி தானியம், ஆளுக்கு ஒரு ஓட்டு. செய்தி வாசிப்பது தவளை.

கோடையில் வசூல் படுத்துவிட்டது. கமிட்டிக் கூட்டத்துக்கு முதலை வந்தது.

"மொத்தச் செலவையும் நான் பாத்துக்கறேன். தலைவர் பதவி மட்டும் எனக்கு. இனிமே ஓட்டெல்லாம் எதுக்கு?"

எல்லோரும் கைதட்டினார்கள். பலமாகத் தட்டியது தவளைதான்.

மறுநாளே வாத்து ஓடிவந்தது. "தவளையக்கா, என் குஞ்சைக் காணோம். டிவியில சொல்லுங்க!"

"அதெல்லாம் வேண்டாம், ஏரிக்குத்தான் கெட்ட பேர்" என்றது முதலை. "மீறி வாசிச்சா வயரைப் பிடுங்கிடுவேன்."

தவளை கேமரா முன் போய் உட்கார்ந்தது.

"வணக்கம். வாத்தின் குஞ்சைக் காணவில்லை. கடைசியாகப் பார்த்த இடம், நம் தலைவர் வீட்டு வாசல்."

முதலை வயரைப் பிடுங்கியது. ஊரெங்கும் டிவி அணைந்தது.

"இப்ப வாசி, பார்ப்போம்!"

தவளை வெளியே வந்து கரையில் ஏறியது. தொண்டையை உப்பிக்கொண்டு, "வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. ஏரியிலிருந்த அத்தனை தவளைகளும் கூடவே வாசித்தன.

இதற்கு வயர் எங்கே இருக்கிறதென்று முதலை கரை முழுக்கத் தேடியது.