குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பேச்சுரிமை

நீதிமன்றத்தின் பின்புறம், உணவகக் குப்பைத் தொட்டியை ஒட்டிய ஆரஞ்சு வலைவேலிக்குள் நிற்கிறோம். “பேச்சுரிமைப் பகுதி” என்று பலகை வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் நின்று பேசினால் கைது. எங்களைக் கேட்டுக் கேட்டு, இங்குள்ள ஈக்களுக்கு, பேச்சுரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் மனப்பாடம். பக்கத்தில் வெர்லீன், மகனின் படத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். சிறையில் இன்சுலின் கொடுக்காமல் அவனைச் சாகவிட்டார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி அவன் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும் அவளுக்கு. “சத்தம் போடாதம்மா, உள்ள சாப்பிடுறாங்க” என்கிறார் காவலர் ஹாஸ்கின்ஸ். “என் பிள்ள சத்தமே போட மாட்டான் தம்பி, நீ பயப்படாத.” தொட்டியிலிருந்து, வெயிலில் புளித்த மயோனைஸ் வாடை வீசுகிறது. கதவு திறக்க, நீதிபதியே வருகிறார், கையில் கடித்து மீந்த சாண்ட்விச். வெர்லீன் படத்தை வேலிக்கு மேல் நீட்டுகிறாள். அவர் தொட்டியின் மூடியைத் தூக்குகிறார்; படம் மூடிக்குப் பின்னால் மறைந்துபோகிறது. சாண்ட்விச்சைப் போட்டுவிட்டு, விரலைத் துடைத்தபடி மூக்கைச் சுளிக்கிறார். “ஒரே நாத்தமா இருக்கேப்பா, ஹாஸ்கின்ஸ். இவங்கள இன்னும் கொஞ்சம் தள்ளி வையேன்.” ஹாஸ்கின்ஸ் வேலிக்கம்பைப் பிடுங்க ஆரம்பிக்கிறார். ஈக்கள் தொட்டியை விட்டுவிட்டு, நீதிபதியின் பின்னாலேயே உள்ளே போகின்றன.