நண்டுக்கு நிப்பாட்டின கார்

"பிழை முழுக்க என்ட கார்லதான். பிரேக் லைட் எரியேல்ல!"

பாலாவிச் சந்தியில் என் கராஜ் வாசலில் காரை நிறுத்தி இறங்கியதும் ஜப்பார் ஹாஜியார் சொன்ன முதல் வார்த்தை இது. சலாம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! போன கிழமைதான் அந்தக் காருக்குப் புது பிரேக் லைட் சுவிச் போட்டுக் கொடுத்தேன். பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

"அதெப்பிடி எரியாமப் போகும் ஹாஜியார்?"

மனிசன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னால் செய்னுலாப்தீன் வந்தார். அவரோடு இன்னும் நாலைந்து வாப்பாமார், எல்லாரும் சுல்பாவின் ஸ்கூல் வானில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். கடைசியாக சுல்பா ஓட்டிவந்த அந்த வான் மெல்ல வந்து நின்றது. வான் மோதியதில் காரின் பின் பக்கம் நசுங்கியிருந்தது, வானின் முன் லைட் ஒன்று உடைந்திருந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சுல்பாவின் புருசன் கட்டாருக்கு வேலைக்குப் போய் ஒரு தகவலும் இல்லாமல் போனவர். சண்டையில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம்; சண்டை முடிந்து உம்மாவும் வாப்பாவும் ஊருக்குத் திரும்பினபோதும் இவ கரைத்தீவிலேயே நின்றுவிட்டா. இந்த வான் ஓட்டத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"பொம்பிளைக்கு என்னத்துக்கு ஸ்கூல் வான்?" என்று முதல் நாளே கேட்டவர் செய்னுலாப்தீன். இன்றைக்குச் சொல்லவா வேணும்!

"மிஹ்லார், நீங்களே பாத்துச் சொல்லுங்க. லைட்ல பிழையெண்டா வேற கதை. இல்லாட்டி நாளையிலயிருந்து எங்கட புள்ளைகள் அந்த வான்ல ஏறாது."

நான் சுல்பாவிடம் போனேன்.

"தங்கச்சி, முன்னால போன கார்ல லைட் எரிஞ்சதக் கண்டீங்களா?"

"தெரியேல்ல காக்கா. கார் டக்கெண்டு நிண்டுச்சு. நான் பிரேக்கை மிதிச்சன். புள்ளைகள் கத்தினது மட்டும்தான் நினைவிருக்கு."

ஹாஜியாரைக் காரில் ஏறிப் பெடலை மிதிக்கச் சொன்னேன். பின்னால் ஒன்றும் எரியவில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், நல்ல பல்பு. பியூஸும் நல்லது. அப்ப சுவிச்தான்!

"போன கிழமை போட்டதாமே?" என்று ஒருத்தர் மற்றவர் காதில் சொல்வது எனக்குக் கேட்டது. கராஜ்காரனுக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன இருக்கு?

டோர்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்கு மேலே தலையை நுழைத்தேன்.

சுவிச் நான் போட்டபடியே இருந்தது. அதில் செருகிவிட்ட வயர் பிளக்தான் கழன்று தொங்கியது. அந்தப் பிளக்கில் சின்னதாக ஒரு பூட்டு உண்டு. விரலால் அமத்தி இழுத்தால்தான் கழலும். இடிபட்டெல்லாம் கழலாது. பூட்டும் உடைந்திருக்கவில்லை.

ஆரோ வேணுமெண்டே கழற்றியிருக்கிறார்கள்.

"ஹாஜியார், கொஞ்சம் இப்பிடிக் குனியுங்க. இதை ஆர் கழட்டினது?"

வெளியே ஒருதரம் பார்த்துவிட்டு மனிசன் குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க. நான்தான்."

"என்னத்துக்கு? என்ட பேரை நாறடிக்கவா?"

"வல்லாஹி இல்ல மிஹ்லார். ரோட்டோரத்தில ஒருத்தன் களப்பில பிடிச்ச நண்டு வித்துக்கொண்டு நிண்டான். நல்ல பெரிய நண்டு. ஆசையில பின்னால பாக்காம நடு ரோட்டில பிரேக் அடிச்சிட்டன். அந்தப் புள்ள தூரத்திலதான் வந்தது. அது என்ன செய்யும், பாவம்?"

"அதை அவங்களிட்டச் சொல்றதுதானே?"

"சொல்லாமலா? இடிபட்ட இடத்திலயே தொண்டை வத்தச் சொன்னன். 'நீங்க எங்கயும் நிப்பாட்டலாம் ஹாஜியார், பின்னால வாற பொம்பிளதான் பாத்து வரவேணும்' எண்டு எனக்கே பாடம் நடத்துறாங்க. என்ட பிழையை நானே சொல்றன், ஒருத்தன் நம்புறானில்ல! கார்ல பிழையெண்டாத்தான் நம்புவாங்க எண்டு பிளக்கை இழுத்துவிட்டன். நீங்க பூட்டின சுவிச் எண்டது அப்ப நினைவில வரேல்ல. உண்மையைச் சொல்றதெண்டாச் சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன்."

எனக்குக் கொதித்தது. நல்லது செய்யட்டும், ஆர் வேண்டாமென்றது? அதற்கு என்ட பிழைப்பா கிடைத்தது அவருக்கு? 'இது ஆரோ கழட்டினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பேர் தப்பிவிடும்.

அதைச் சொல்லத்தான் தலையை வெளியே எடுத்தேன்.

சுல்பா வான் கதவைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"என்ன மிஹ்லார்?" செய்னுலாப்தீன் கிட்ட வந்தார். "உங்கட வேலையில பிழையா, அவட ஓட்டத்தில பிழையா?"

நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"என்ட வேலையிலதான். பிளக்கைச் சரியாப் பூட்டாம விட்டுட்டன். அந்தத் தங்கச்சியில ஒரு பிழையும் இல்ல."

சுல்பா முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. ஹாஜியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணால் தடுத்துவிட்டேன்.

செய்னுலாப்தீன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சரி, நாளைக்கும் புள்ளைகளை வான்லயே அனுப்புங்க. ஆனா உங்கட வாகனம் ஒண்டையும் இந்தக் கராஜுக்கு மட்டும் அனுப்பிப்போடாதீங்க!"